லவ் பேர்ட்ஸ் குஞ்சு பொரிச்சிடுச்சா? பானைக்குள்ள நடக்கிறதை வாரம் வாரமா அக்கா சொல்றேன்

கண்ணு, உன் கூண்டுப் பானைக்குள்ள இருந்து மெல்லிசா ‘கீச் கீச்’னு சத்தம் கேக்க ஆரம்பிச்சிருந்தா, இனி ஆறு வாரம் உனக்கு வேலை இருக்கு. அந்த வேலையில பாதி, கை வைக்காம இருக்கிறதுதான். குஞ்சை வளர்க்கிறது தாயும் தகப்பனும். எந்த வயசுல எது இயல்பு, எது கோளாறுன்னு தெரிஞ்சவங்க வீணா பதற மாட்டாங்க. உதவ வேண்டிய நேரத்தையும் தவற விட மாட்டாங்க. அதுக்காகத்தான் இதை வரிசையா எழுதுறேன்.

அரூர் பக்கம் லவ் பேர்ட்ஸ்னு ஜோடி கணக்குல வாங்கிட்டு வர்ற பறவை பெரும்பாலும் பட்ஜி. முதுகுல கறுப்பு வரி, நீள வால், பச்சை, மஞ்சள், நீலம்னு பல நிறம். சொந்த நாடு ஆஸ்திரேலியா. 1840-ல ஜான் கூல்ட்ங்கிற பறவையியலாளர் இதை உயிரோட இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அங்கிருந்துதான் உலகம் முழுக்க வீட்டுப் பறவையா பரவுச்சு. காட்டுல மழை பெஞ்சு புல்விதை முத்துற சமயம் பார்த்து முட்டை வைக்கிற இனம் இது. அந்தக் குணம் கூண்டுலயும் போகலை. தீனியும் தண்ணியும் தாராளமா கிடைச்சு, பானையும் தொங்கினா எந்த மாசமும் முட்டை வைக்கும். எப்போ வைக்கணும்னு நாமதான் முடிவு பண்ணணும்.

குஞ்சு வர்றதுக்கு முன்னாடி

ஜோடிக்கு ஒரு வயசு நெருங்கின பிறகு பானை கட்டு. அதுக்கு முன்னாடி முட்டை வெச்சா, முட்டை வெளியே வராம சிக்கித் தாய் செத்துப் போற ஆபத்து அதிகம்.

மண்பானையோட உள்பக்கம் வழவழன்னு இருக்கும். அதுல வெறுமனே குஞ்சு வளர்ந்தா, கால் ரெண்டும் பக்கவாட்டுல விரிஞ்சு, நிக்கவே முடியாம போயிடும். பட்டறையில கிடைக்கிற மரச்சீவலை ரெண்டு விரல் உயரத்துக்குப் போடு. மாவு மாதிரி இருக்கிற மரத்தூள் வேண்டாம், குஞ்சோட மூக்கை அடைச்சிடும். தேங்காய் நாரும் பஞ்சும் விரல்ல சுத்திக்கிட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்திடும். தாய் சில நேரம் சீவலை வெளியே தள்ளும். சலிக்காம மறுபடி போடு.

நம்ம ஊர்ல குஞ்சுக்கு முதல் எதிரி சிற்றெறும்பு. கூண்டுக் கால் நாலையும் தண்ணி ஊத்தின கிண்ணத்துல வை. தொங்குற கூண்டா இருந்தா கம்பியில விளக்கெண்ணெய் தடவு. எறும்பு மருந்தையோ சாக்பீஸையோ கூண்டுப் பக்கமே கொண்டு போகாதே. எலியும் பாம்பும் நுழையாத அளவுக்கு வலை சின்னக் கண்ணா இருக்கணும்.

பல ஜோடி ஒரே கூண்டுல இருந்தா, ஜோடி எண்ணிக்கையைவிட ரெண்டு பானை கூடுதலா, எல்லாத்தையும் ஒரே உயரத்துல கட்டு. உயரத்துல இருக்கிற பானைக்குத்தான் சண்டை வரும். அந்தச் சண்டையில முட்டை உடையும், குஞ்சும் சாகும்.

முட்டையில இருந்து வெளியே

ஒருநாள் விட்டு ஒருநாளா நாலுல இருந்து ஆறு முட்டை வரைக்கும் வைக்கும். அடைக்கு உட்கார்ந்து ஏறக்குறைய 18 நாள்ல பொரிக்கும். முதல் முட்டை வெச்சதும் உட்கார்ந்திடுறதால, குஞ்சுகளும் ஒருநாள் விட்டு ஒருநாளாத்தான் வரும். அஞ்சு முட்டைன்னா மூத்ததுக்கும் கடைசிக்கும் எட்டு நாள் வித்தியாசம் இருக்கும். மூத்தது கண்ணைத் திறக்கிற நாள்ல கடைக்குட்டி அப்பத்தான் பொறந்திருக்கும். இதை மனசுல வெச்சுக்க. பின்னாடி வர்ற பல சிக்கலுக்குக் காரணம் இந்த வயசு வித்தியாசம்தான்.

அடைக்கு உட்கார்ந்த ஒரு வாரத்துல இருட்டுல டார்ச் மேல முட்டையை வெச்சுப் பார்த்தா, உயிருள்ளதுல சிவப்பு நரம்பு ஓடும். கூமுட்டை தெளிவா இருக்கும். அதை அவசரப்பட்டு எடுத்துப் போடாதே. குட்டிக் குஞ்சுகள் சாஞ்சுக்க உதவும். எல்லாம் பொரிச்ச பிறகு எடு.

ஓட்டுல விரிசல் விட்டு வெளியே வர ஒரு நாள் கூட ஆகும். ‘பாவம், கஷ்டப்படுது’ன்னு நீ ஓட்டை உரிச்சு விட்டா, உள்ளே வத்தாம இருக்கிற ரத்தக் குழாய் கிழிஞ்சு குஞ்சு செத்துப் போகும். மஞ்சள் கருவோட மிச்சத்தையும் வயித்துக்குள்ள இழுத்துக்கத்தான் அது நேரம் எடுத்துக்குது. பொறுமையா இரு.

முதல் வாரம்: பார்க்கிறதோட நிறுத்து

பொறந்த குஞ்சு ரெண்டு கிராம்தான் இருக்கும். ரோஸ் நிறம், ஒரு முடி இருக்காது, கண் மூடியிருக்கும், தலையைத் தூக்க முடியாது. மல்லாக்கப் படுத்திருந்தாலும் பயப்படாதே. முதல் சில நாள் தாய் அதை மல்லாக்கக் கிடத்தித்தான் ஊட்டும். தாயோட வயித்துல சுரக்கிற, புரதம் நிறைஞ்ச பாகுதான் அப்போ உணவு. தகப்பன் தீனியைத் தின்னு தாய்க்கு ஊட்டும், தாய் குஞ்சுக்கு ஊட்டும். அதனால இந்த வாரத்துல தகப்பனை எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதே.

தினமும் ஒரு தடவை, தாய் தானா வெளியே வர்ற நேரத்துல மட்டும் பானையை எட்டிப் பாரு. விரட்டி வெளியேத்தாதே, பதறி எழும்பினா காலடியில குஞ்சு நசுங்கும். பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, கழுத்துக்குக் கீழே இருக்கிற தீனிப்பை. மெல்லிசான தோலுக்குள்ள வெள்ளையா, மஞ்சளா உப்பித் தெரிஞ்சா ஊட்டியாச்சுன்னு அர்த்தம். காலியா, தோல் சுருங்கிக் கிடந்தா அந்தக் குஞ்சு பட்டினி.

கடைக்குட்டிதான் பட்டினி கிடக்கும். அண்ணன்மாருங்க முட்டி மோதி வாங்கிக்கிறப்போ அதுக்கு எட்டாது. அதே வயசுக் குஞ்சு இருக்கிற வேற ஜோடி உன்கிட்ட இருந்தா, அந்தப் பானையில சேர்த்துடு. பட்ஜித் தாய் பெரும்பாலும் பேதம் பார்க்காம ஊட்டும். தாய் செத்துப் போன குஞ்சைக் காப்பாத்தவும் இதுதான் முதல் வழி.

தாய் பெருசு பெருசா எச்சம் போட்டா நோய்னு நினைச்சுக்காதே. அடை காக்கிற தாய் நேரம் வெச்சிருந்து மொத்தமா வெளியே வந்து போடும்.

ரெண்டாம் வாரம்: கண் திறக்கும்

எட்டாம் நாள்ல இருந்து பத்தாம் நாளுக்குள்ள கண் பிளக்கும். உடம்பு முழுக்க சாம்பல், வெள்ளை நிறத்துல பஞ்சு மயிர் முளைக்கும். இறக்கையிலயும் வால்லயும் முள்ளு முள்ளா எழும்பும். அதுதான் இறகுக் குருத்து, உள்ளே ரத்தம் ஓடுது. அதைப் பிடிச்சு இழுக்கவோ அழுத்தவோ கூடாது. ரெண்டு வாரம் முடியிறப்போ குருத்தோட நுனி பிரிஞ்சு, என்ன நிறம்னு தெரிய ஆரம்பிக்கும்.

உன் கைவேலையும் இந்த வாரத்துலதான் தொடங்குது. எச்சம் கூடுதலாகிச் சீவல் ஈரமாகும். ரெண்டு மூணு நாளைக்கு ஒருதடவை குஞ்சுகளைத் துணி விரிச்ச கிண்ணத்துல எடுத்து வெச்சுட்டு, பழைய சீவலைக் கொட்டிப் புதுசு போடு. அஞ்சு நிமிஷத்துல முடி. காய்ஞ்ச எச்சம் விரல்ல உருண்டையா ஒட்டியிருந்தா பிய்க்காதே, நகமும் சேர்ந்து வந்திடும். வெதுவெதுப்பான தண்ணியில ஊற வெச்சுக் கழுவி, நல்லாத் துடைச்சுட்டுத் திரும்ப வை. அலகோட உள்பக்கத்துல தீனி காய்ஞ்சு ஒட்டியிருக்கான்னும் பாரு. அப்படியே விட்டா அலகு கோணலா வளரும். நுனி மழுங்கின குச்சியால மெதுவா எடுத்துடு.

கால் விரியிற கோளாறும் இந்த நாள்லதான் கண்ணுக்குத் தெரியும். எலும்பு இளசா இருக்கிறப்போ கால்நடை மருத்துவர் ரெண்டு காலையும் சரியான இடைவெளியில மெத்துன்னு கட்டிவிட்டா நேராகிடும். நாள் கடந்துட்டா நேராகாது.

மூணாம் வாரம்: இறகு மூடும்

பஞ்சு மயிருக்கு மேல இறகு படர்ந்து உடம்பை மூடும். குஞ்சு காலை ஊன்றி நிக்கும், பானை வாயை எட்டிப் பார்க்கும், பசிச்சா சத்தம் கூரை வரைக்கும் கேக்கும். எடை பெரியவங்க எடையை நெருங்கும். வளர்ந்த பட்ஜியே 30-ல இருந்து 40 கிராம்தான். பொறந்தப்போ ரெண்டு கிராம் இருந்த உடம்பு மூணு வாரத்துல இவ்வளவு வளர்ந்திருக்குன்னா, தாயும் தகப்பனும் எவ்வளவு தின்னு எவ்வளவு ஊட்டியிருக்கணும்னு நினைச்சுப் பாரு. தீனிக்கிண்ணம் ஒருவேளை காலியானாலும் அந்தக் குடும்பம் தாங்காது.

மனுஷங்ககிட்ட பழகணும்னா இப்போ ஆரம்பிக்கலாம். உள்ளங்கையில வெச்சு, தினமும் சில நிமிஷம் மெதுவாப் பேசு. கையைக் கழுவிட்டுத் தொடு, வெச்ச பிறகும் கழுவு.

நாலு, அஞ்சாம் வாரம்: பானையை விட்டு வெளியே

30-லிருந்து 35 நாளுக்குள்ள ஒவ்வொண்ணா வெளியே வரும். முதல் ரெண்டு நாள் கூண்டுக் கம்பியில மோதும், கீழே விழும். தண்ணிக் கிண்ணம் ஆழமா இருந்தா முங்கிச் செத்துடும். ஆழமில்லாத மண்தட்டு வை. தரையில கொஞ்சம் தினையைத் தூவு, குஞ்சு கொத்திப் பழகும்.

இந்த நேரத்துல தாய் அடுத்த ஈட்டுக்குத் தயாராகிடும். பானையில மிச்சம் இருக்கிற மூத்த குஞ்சைக் கொத்தி விரட்டும், முதுகு இறகைப் பிடுங்கும். ரத்தம் பார்த்தா உடனே அந்தக் குஞ்சையும் தகப்பனையும் வேற கூண்டுக்கு மாத்து. வெளியே வந்த குஞ்சுக்கு ஊட்டுறது பெரும்பாலும் தகப்பன் வேலைதான், அது கைவிடாது.

வெளியே வந்ததும் இறக்கை இறகும் வால் இறகும் கொட்டி, பறக்காம ஓடிக்கிட்டே இருக்கிற குஞ்சு வந்தா அதைத் தனியா வை. அது பெரும்பாலும் பறவைக்குப் பறவை பரவுற வைரஸால வர்றது. அந்த ஜோடியை மறுபடி அடைக்கு விடாதே, பானையையும் தூக்கிப் போடு.

ஆறாம் வாரம்: தானே தின்னும்

தானா உமி உரிச்சுத் தின்னுதான்னு நாள் முழுக்கக் கவனி. சில குஞ்சு கிண்ணத்துக்குள்ள உட்கார்ந்து கொத்துற மாதிரி இருக்கும், வயித்துக்குள்ள ஒண்ணும் போகாது. சாயங்காலம் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தா உண்மை தெரியும். தொடர்ந்து நாலு நாள் தகப்பன் ஊட்டாமலே தீனிப்பை நிறைஞ்சிருந்தா பிரிக்கலாம். அதுக்கு முன்னாடி யாருக்கும் குஞ்சைக் கொடுக்காதே. சந்தைக்கு நாலாம் வாரத்துலயே வர்ற குஞ்சை வாங்கவும் வாங்காதே. கொண்டு வந்த வீட்டுல பட்டினியிலேயே செத்துப் போகும்.

என்ன தீனி?

இதுல நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு யோகம். தினை, சாமை, கம்பு எல்லாம் இங்கேயே கிடைக்குது. சித்தேரி மலையில விளையிற சாமையை உமியோடவே வாங்கி வை. உமி நீக்கின அரிசி வேண்டாம், உரிச்சுத் தின்னறதுதான் அலகுக்கு வேலை. அடிப்படைத் தீனி தினை. அதோட சாமையும் கம்பும் கலந்து வை. தினைக் கதிர் கிடைச்சா அப்படியே கட்டித் தொங்கவிடு.

வெறும் தானியத்துல குஞ்சு வளராது. முளைகட்டின பாசிப்பயறு, முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவின கேரட் தினமும் ஏதாவது ஒண்ணு வை. கீரையை நல்லாக் கழுவு, மருந்தடிச்ச வயல் கீரை வேண்டாம். வேகவெச்ச முட்டையை உதிர்த்து ரஸ்க் தூளோட பிசைஞ்சு காலையில கொடு. நம்ம ஊர் வெயிலுக்கு ரெண்டு மணி நேரத்துல மிச்சத்தை எடுத்துடு, கெட்ட முட்டை மொத்தப் பானையையும் கொன்னுடும்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கடல் நுரை வை. நாட்டு மருந்துக் கடையிலயே கிடைக்கும், கணவாய் மீனோட ஓடுதான் அது. கூண்டுல கட்டிவிட்டா தாய் தேவைக்கு உரசித் தின்னுக்கும். முட்டை ஓடு கெட்டியாகிறதும் குஞ்சோட எலும்பு நேரா வளர்றதும் இதைப் பொறுத்துத்தான்.

பால், டீ, உப்புப் பண்டம், சாக்லேட், அவகாடோ எதுவும் கூடாது. பறவைக்குப் பால் செரிக்காது.

வெயிலும் குளிரும் புகையும்

பங்குனி, சித்திரை, வைகாசியில பானையைக் கழட்டிடு. தகர ஷீட்டுக்குக் கீழே ஆறு குஞ்சு நெருங்கிக் கிடக்கிற பானை அடுப்பாகிடும். ஆவணியில கட்டினா மாசிக்குள்ள ரெண்டு ஈடு தாராளமா எடுக்கலாம். வருஷத்துக்கு ரெண்டு ஈடு போதும் கண்ணு. மூணாவதுக்கு ஆசைப்பட்டா தாயோட எலும்புல இருக்கிற சுண்ணாம்பு கரைஞ்சு, முட்டை சிக்கிக்கும்.

குஞ்சு வாயைத் திறந்து மூச்சு வாங்கி, ஒண்ணைவிட்டு ஒண்ணு விலகிப் படுத்தா சூடு அதிகம். குவிஞ்சு நடுங்கினா குளிர். மார்கழிப் பனியில ராத்திரி கூண்டு மூணு பக்கமும் சாக்கு போர்த்து, காத்து வர ஒரு பக்கம் திறந்திருக்கட்டும்.

கொசுவத்தி, சாம்பிராணி, தாளிப்புப் புகை எதுவும் கூண்டுப் பக்கம் போகக் கூடாது. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மேல காய்ஞ்சா வர்ற ஆவி பறவையை நிமிஷத்துல கொல்லும். அதனால அடுப்படியில கூண்டு வைக்காதே. கூண்டைச் சுத்தம் பண்றப்போ தூசி பறக்காம நனைச்சுட்டுப் பெருக்கு, மூக்கை மூடிக்க. கிளி இனத்துல இருந்து மனுஷங்களுக்குப் பரவுற சிட்டகோசிஸ்ங்கிற காய்ச்சல் இந்தத் தூசி வழியாத்தான் வரும்.

எப்போ மருத்துவர்கிட்ட போகணும்?

- ராத்திரி நிறைஞ்ச தீனிப்பை காலையிலயும் வத்தாம இருந்தா.
- குஞ்சு தொட்டா சில்லுன்னு இருந்து, வாயைத் திறக்கலைன்னா.
- தோல் ரோஸ் நிறம் போய் வெளுத்தோ கருஞ்சிவப்பாவோ இருந்தா.
- தாய் தரையில உப்பிக்கிட்டு உட்கார்ந்து, வாலை ஆட்டி ஆட்டி முக்கினா. இது முட்டை சிக்கினதோட அடையாளம், ஒரு மணி நேரம்கூட தள்ளிப் போடாதே.

போறப்போ வெந்நீர் பாட்டிலைத் துணியில சுத்தி, பக்கத்துல வெச்சுக் கொண்டு போ. அரூர்ல அரசு கால்நடை மருத்துவமனை இருக்கு. பெரிய சிக்கல்னா சேலம் மாவட்டம் தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். குளிர்ந்து கிடக்கிற குஞ்சு வாயில தண்ணி ஊத்தாதே. நுரையீரலுக்குப் போய் மூச்சடைக்கும். முதல்ல சூடு, அப்புறம்தான் தீனி.

ஆணா பெண்ணா?

அலகுக்கு மேல மூக்குத் துளை இருக்கிற சதையைப் பாரு. ஆண் குஞ்சுக்கு அது முழுக்க ஒரே மாதிரி இளம் ஊதா கலந்த ரோஸா இருக்கும், வளர்ந்ததும் நீலமாகும். பெண்ணுக்குத் துளையைச் சுத்தி வெளுப்பா வளையம் தெரியும், முட்டை வைக்கிற காலத்துல பழுப்பாகும். சிவப்புக் கண் வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் ஆண்ல நீலம் வராது, ரோஸாவே நிக்கும். குஞ்சுக்கு நெத்தி வரைக்கும் வரி இருக்கும். மூணு, நாலு மாசத்துல முதல் இறகு உதிர்றப்போ நெத்தி தெளிவாகிடும். வாங்குறப்போ வயசு கண்டுபிடிக்க இதுவே நல்ல வழி.

பச்சைக்கிளிக் குஞ்சு கிடைச்சா?

கடைசியா ஒண்ணு, இதை மறக்காதே. மேலே சொன்னதெல்லாம் பட்ஜிக்கு. நம்ம புளியமரத்துலயும் தென்னையிலயும் பறக்கிற பச்சைக்கிளி வேற. 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிக்கிறதும் விக்கிறதும் வீட்டுல வளர்க்கிறதும் குற்றம். 2023 பிப்ரவரியில சென்னையில ஒரு நடிகர் வீட்டுல இருந்து ரெண்டு கிளியை வனத்துறை எடுத்துட்டுப் போய், ரெண்டரை லட்ச ரூபாய் அபராதம் போட்டுச்சு.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லலை. அதோட வளர்ச்சியே மெதுவானது. அடை 22-லிருந்து 24 நாள், குஞ்சு பொந்தைவிட்டு வெளியே வர ஏறக்குறைய ஏழு வாரம். ஆணுக்குக் கழுத்து வளையம் முழுசா வர மூணு வருஷம் ஆகும். பொந்துல இருந்து திருடின குஞ்சுல பல வழியிலேயே சாகும், பிழைச்சதும் கூட்டத்தோட பறக்காமலே காலம் தள்ளும்.

காத்துக்கு விழுந்த குஞ்சு கிடைச்சா, பொந்து தெரிஞ்சா திரும்ப வை. மனுஷ வாடை பட்டா தாய் சேர்க்காதுங்கிறது உண்மையில்லை. பொந்து எட்டலைன்னா காத்தோட்டமான அட்டைப்பெட்டியில துணி விரிச்சு, சூடா, இருட்டா வெச்சு, வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லு.

தோட்டத்துல மொட்டைத் தென்னை நின்னா, தையில இருந்து சித்திரை வரைக்கும் அதை வெட்டாதீங்கன்னு வீட்டுல சொல்லு. அந்த மாசங்கள்ல பொந்துக்குள்ள முட்டையோ குஞ்சோ இருக்கலாம். கூண்டுல இருக்கிற பட்ஜிக்குத் தினையும் சீவலும் கொடுக்கிற நீ, வெளியே இருக்கிற கிளிக்குக் கொடுக்க வேண்டியது அந்த மரத்தைத்தான்.